ட்ரில் உடைந்ததற்கு வாழ்த்துகள்

1. லேபிள் இல்லாத டப்பா

ஒரு திங்கட்கிழமை காலை, முதல் பீரியடை கேன்சல் செய்துவிட்டு ஸ்டாஃப் எல்லோரையும் செமினார் ஹாலுக்கு வரச் சொன்னார்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். உள்ளே போனால் எங்கள் கரெஸ்பாண்டென்ட் மேடையில் நின்றுகொண்டிருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

நான் சூளகிரி பக்கம் ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் மெக்கானிக்கல் துறைத் தலைவியாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவள். கரெஸ்பாண்டென்ட் என்றால் கல்லூரியின் முதலாளி. கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக் கூழ் பேக்டரி வைத்து முன்னுக்கு வந்தவர். கூழ் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. கல்லூரியையும் கூழ் பேக்டரி மாதிரியே நடத்தினார்.

விஷயம் இதுதான். பெங்களூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், "எங்க பிரின்சிபால் பெரிய ஆராய்ச்சியாளர்" என்று பெருமையடித்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் போனை எடுத்து பிரின்சிபால் பெயரைத் தட்டியிருக்கிறார். அதே பெயரில் மூலத்துக்கு லேகியம் விற்கும் ஒருவர் வந்து நின்றிருக்கிறார்.

"நாலு பேரு முன்னாடி என் மானம் போச்சு சார்!" என்று மைக்கில் கத்தினார். "என் பேக்டரியில ஒரு டப்பா வெளிய போவணும்னா லேபிள் ஒட்டணும். லேபிள் இல்லாத டப்பாவ எவன் வாங்குவான்? நீங்க அத்தன பேரும் லேபிள் இல்லாத டப்பா சார்!"

பிரின்சிபால் தலையாட்டினார். பாவம், அவருக்குத் தலையாட்டுவதுதான் வேலை. அதை ஒரு நாளும் குறை வைக்காமல் செய்வார்.

அன்று வந்த உத்தரவு: ஆசிரியர் ஒவ்வொருவரும் வேலையில் இருப்பவர்கள் தங்களைப் பற்றிப் போட்டுக்கொள்ளும் ஒரு வலைத்தளத்தில் ப்ரொஃபைல் திறக்க வேண்டும். ஒரு பிளாக் வைத்து வாரம் ஒரு போஸ்ட் போட வேண்டும். வருகிற லைக், கமெண்ட், ஷேர் எல்லாவற்றையும் கூட்டி மார்க். அதன் பெயர் 'விசிபிலிட்டி ஸ்கோர்'. வருடக் கடைசியில் பாஸ் மார்க் எடுக்காத உதவிப் பேராசிரியர்களுக்கு கான்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டார்கள்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் மஞ்சுளா உட்கார்ந்திருந்தாள். எங்கள் துறையில் உதவிப் பேராசிரியை. குருபரப்பள்ளிக்காரி, வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். பேச்சு குறைவு, வேலை அதிகம். அவள் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தது எங்கள் கல்லூரி ஆராய்ச்சி மையத்தின் பேரில். பேப்பரில் கைடு நான். உண்மையில் அந்த மெட்டீரியலைப் பற்றி நான் தெரிந்துகொண்டதே அவளிடமிருந்துதான். வேலை போனால் லேபும் போகும், பதிவும் போகும், அத்தனை வருட உழைப்பும் பாழ்.

"மேடம், எனக்கு இருக்கற அக்கவுண்ட்டு பேங்க் அக்கவுண்ட்டு ஒன்னுதான்," என்றாள் மெல்ல. சிரிப்பு வந்தது. ஆனாலும் பாஸ் மார்க் எடுக்காத முதல் ஆள் இவளாகத்தான் இருப்பாள் என்று அப்போதே தோன்றியது.

2. ஒரே கோட்டு

எம்.பி.ஏ. துறையில் வாத்தியாராக இருந்த பிரகாஷ் என்ற பையனை மீடியா கன்வீனர் ஆக்கினார்கள். நல்ல பையன்தான். ஆனால் 'பிராண்டிங்' என்று சொல்லும்போது கண்ணில் ஒரு வெறி வரும்.

முதலில் போட்டோ. கோட்டு போட்டால்தான் புரொஃபசர் மாதிரி இருக்கும் என்றான். இந்த வெயிலில் எவரிடம் கோட்டு இருக்கிறது? பிரின்சிபாலின் மாமனார் வீட்டில் கல்யாணத்துக்குத் தைத்துக் கொடுத்த நீலக் கோட்டு ஒன்று இருந்தது. அது பிசிக்ஸ் லேபில் ஆணியில் தொங்கியது. ஆண் ஆசிரியர்கள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒருவராக அதை மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் புத்தக அலமாரி வேண்டும் என்றார்கள். எங்கள் லைப்ரரியின் பீரோக்கள் பூட்டியே இருக்கும். அதனால் அலமாரி நிறையப் புத்தகம் அடுக்கின மாதிரி ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து ஒட்டினார்கள்.

இப்போது எங்கள் கல்லூரிப் பக்கத்தைத் திறந்தால், ஒல்லி, குண்டு, நெட்டை, குட்டை அத்தனை பேரும் ஒரே கோட்டில் நிற்பார்கள். பாக்கெட்டில் இங்க் கறை ஒரே இடத்தில் இருக்கும். ஓசூர் கம்பெனி ஒன்றின் எச்.ஆர். அதிகாரி, "மேடம், உங்க காலேஜ்ல ஸ்டாஃபுக்கு யூனிஃபார்மா?" என்று என்னிடமே கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது!

பெண்களுக்கு கோட்டு இல்லை. "கான்ஃபிடன்டா கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க மேடம்," என்றான் பிரகாஷ். முப்பது வருடம் கிளாஸில் பசங்களைக் கையைக் கட்டிக்கொண்டு நில் என்று தண்டித்தவள் நான். கடைசியில் என்னையே நிற்க வைத்துவிட்டான்.

பிறகு என்ன எழுதுவது என்று ஒரு வகுப்பு. எதை எழுதினாலும் 'பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்' என்று ஆரம்பிக்க வேண்டும். பிரின்சிபால் ஒரு கருத்தரங்கில் குத்துவிளக்கு ஏற்றினால் பணிவோடு ஏற்றினார். பணிவோடு பொன்னாடை போர்த்திக்கொண்டார். எழுதக் கூடாத வார்த்தைகளும் உண்டு. ஃபெயிலியர், டவுட், ப்ராப்ளம், தெரியவில்லை. "நெகட்டிவ் வேர்ட்ஸ் மேடம். ரீச் அடிபடும்," என்றான்.

"ஏம்ப்பா, டவுட்டே இல்லாம ஆராய்ச்சி எதுக்குப்பா?" என்றேன்.

"அது லேபுக்குள்ள இருக்கட்டும் மேடம். போஸ்டுல வேணாம்."

3. லைக் டூட்டி

ஒரு மாதம் ஓடியது. ஒருவர் போஸ்டையும் ஒருவரும் சீண்டவில்லை. பிரின்சிபாலின் குத்துவிளக்குக்கு அவர் மனைவி மட்டும் லைக் போட்டிருந்தார்.

எங்கள் கல்லூரியில் எந்தப் பிரச்சினைக்கும் ஒரே மருந்துதான். டூட்டி போடுவது. எக்ஸாம் ஹால் டூட்டி, பஸ் டூட்டி, கேன்டீன் டூட்டி. அந்த வரிசையில் லைக் டூட்டியும் வந்தது. இன்றைக்கு சிவில், நாளைக்கு கெமிஸ்ட்ரி என்று டைம்டேபிள். டூட்டியில் இருக்கும் துறை, அன்று கல்லூரியில் யார் என்ன போட்டாலும் லைக் போட்டு, பாராட்டி கமெண்ட்டும் எழுத வேண்டும். வராதவர்களுக்கு மெமோ.

ஹால் டூட்டியில் நாங்கள் கொஸ்டின் பேப்பரைப் படிப்போமா? அதே மாதிரிதான் இதுவும். பிரகாஷே நாலைந்து வாக்கியம் எழுதி ஸ்டாஃப் குரூப்பில் போட்டுவிட்டான். எடுத்து ஒட்டினால் போதும். 'கங்கிராஜுலேஷன்ஸ்! ப்ரவுட் மொமென்ட் ஃபார் அவர் இன்ஸ்டிட்யூஷன்!' இதுதான் அதிகம் ஓடியது. தமிழ்த் துறை ஐயா மட்டும் சொந்தமாக எழுதுவார்: 'தொடரட்டும் தங்கள் பணி!'

ஸ்கோர் கிடுகிடுவென்று ஏறியது. கரெஸ்பாண்டென்ட் ஸ்டாஃப் ரூமுக்கே வந்து மாம்பழக் கூழ் டப்பா கொடுத்தார். எல்லோரும் எல்லோரையும் பாராட்டினோம். வெளியிலிருந்து ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை.

மஞ்சுளா மட்டும் ஒன்றும் போடவில்லை. மார்க் பூஜ்யம். நான் பொறுமை இழந்தேன்.

"ஏதாவது ஒன்ன போட்டுத் தொலையேன் மஞ்சுளா. குத்துவிளக்குக்குப் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ போடு. வேலை போயிடும்டி!"

"நடந்தத தான மேடம் போட முடியும்? எனக்கு இந்த வாரம் நடந்தது ட்ரில் ஒடைஞ்சது ஒன்னுதான்."

"அதப் போட்டா மார்க் வராது."

"போடாட்டியும் வரலியே மேடம்," என்றாள்.

4. பாராட்டு மழை

அவள் ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏரோப்ளேன் பாகங்களில் கார்பன் ஃபைபர் தகட்டையும் அலுமினியத் தகட்டையும் ஒன்றாக ஒட்டி, ஒரே ஓட்டத்தில் ட்ரில்லால் துளை போட வேண்டியிருக்கும். ஃபைபர் பிசிறு பிசிறாகப் பிரியும், ட்ரில் மழுங்கும், உடையும். ட்ரில் சுற்றும் ஸ்பீடைக் கூட்டினால் துளை சுத்தமாக வரும் என்று பல பேப்பர்களில் போட்டிருந்தது. நாங்களும் அப்படித்தான் எழுதிக் கொடுத்துப் பதிவு வாங்கினோம். இவளுக்கு அது வரவே இல்லை. கூட்டக் கூட்ட இன்னும் மோசமானது. புது ட்ரில் கேட்டு நான் அனுப்பின இண்டென்ட் ஆபீஸில் தூங்கியது. ஃப்ளெக்ஸ் அலமாரிக்கு மட்டும் அன்றே சாங்ஷன் ஆனது.

அவள் பிளாகின் முதல் போஸ்ட்டில் கோட்டும் இல்லை, அலமாரியும் இல்லை. உள்ளங்கையில் இரண்டு துண்டாகக் கிடந்த ட்ரில்லின் போட்டோ. கீழே இப்படி எழுதியிருந்தாள்:

'இந்த வாரமும் என் ட்ரில் உடைந்தது. ஸ்பீடைக் கூட்டினால் சரியாகும் என்று படித்திருந்தேன். எனக்குச் சரியாகவில்லை. நான் வைத்த ஸ்பீடும் ட்ரில்லை உள்ளே இறக்கின வேகமும் கீழே இருக்கின்றன. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் இப்படி உடைந்திருக்கிறதா?'

அன்றைக்கு லைக் டூட்டி சிவில் துறைக்கும் தமிழ்த் துறைக்கும். மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டார்கள்.

'கங்கிராஜுலேஷன்ஸ் மேடம்! ப்ரவுட் மொமென்ட் ஃபார் அவர் இன்ஸ்டிட்யூஷன்!'

'வெல் டிசர்வ்ட்!'

'இது வெறும் ஆரம்பம்தான். இன்னும் பல உயரங்களைத் தொட வாழ்த்துகள்!'

'தொடரட்டும் தங்கள் பணி!'

பிரின்சிபாலும் வந்து, 'எங்கள் கல்லூரியின் பண்பாட்டுக்கு இது ஒரு சான்று' என்று எழுதியிருந்தார். மஞ்சுளா ஒவ்வொருவருக்கும், 'நன்றி சார்' என்று பதில் போட்டிருந்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எங்கள் பழைய மாணவன் ஒருவன், ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவன், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டான். மேலே ஒரு வரி எழுதினான்: 'நம்ம காலேஜ்ல ட்ரில் ஒடைச்சா மால போடறாங்க. எங்க ஷாப்ல ஒடைச்சா மெமோ தராங்க. எங்க மேனேஜருக்கு யாராச்சும் சொல்லுங்கப்பா!'

அவ்வளவுதான். கர்நாடக எல்லையில் இருக்கும் ஜூஜுவாடியிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் இருக்கிற பேக்டரி ஷாப் ஃப்ளோரில் எல்லாம் அது சுற்றியது. கன்னடத்தில் கிண்டல், தெலுங்கில் கிண்டல், தமிழில் கிண்டல். அடுத்த நாள் காலை ஸ்டாஃப் பஸ்ஸில் ஏறும்போது டிரைவர், "மேடம், உங்க டிபார்ட்மெண்ட்ல என்னமோ ஒடைஞ்சுதாமே, கங்கிராட்ஸ்!" என்றார்.

ஆனால் சிரிக்க வந்தவர்களில் சிலர் நின்று படித்தார்கள். 'எங்களுக்கும் இப்படித்தான் ஆச்சு', 'என்ன கோட்டிங் போட்டீங்க?', 'எக்ஸிட்ல பிரியுதா, என்ட்ரியிலயா?' என்று கேள்விகள் வர ஆரம்பித்தன. மஞ்சுளா எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாள். அடுத்த வாரம் அடுத்த உடைசலைப் போட்டாள். அதற்கும் நடுநடுவே எங்கள் ஆட்கள், 'ப்ரவுட் மொமென்ட்!' என்று வந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஊரே சிரித்த பிறகும் ஒருவரும் போஸ்டைப் படிக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

5. விசாரணை

கரெஸ்பாண்டென்டின் கூழ் பேக்டரியில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர் ஒருவர் அந்த ஸ்கிரீன்ஷாட்டை ஸ்டேட்டஸாக வைத்திருந்தாராம். கரெஸ்பாண்டென்ட் அதை அங்கே பார்த்துவிட்டார். மறுநாளே மஞ்சுளா மேல் விசாரணைக் கமிட்டி. கரெஸ்பாண்டென்ட், பிரின்சிபால், பிரகாஷ், துறைத் தலைவி என்ற முறையில் நான். கரெஸ்பாண்டென்ட் அறைக்குள் நுழைந்தால் ஷோகேஸ் முழுக்கக் கூழ் டப்பாக்கள். மஞ்சுளா நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நானே நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"ஏமம்மா இதி?" என்று தெலுங்கில் ஆரம்பித்தார் கரெஸ்பாண்டென்ட். கோபம் வந்தால் அவருக்கு முதலில் தெலுங்குதான் வரும். "நான் லேபிள் ஒட்டச் சொன்னன். நீ டப்பாவ ஒடைச்சு ரோட்டுல கொட்டியிருக்க!"

"ஒடைஞ்சது ட்ரில்லு சார்," என்றாள்.

"நல்லதா நாலு வார்த்த எழுத வராதாம்மா ஒனக்கு?"

"ட்ரில் நல்லா ஓடுன அன்னைக்கு எழுதறன் சார்."

 அவள் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு நின்றது. எனக்கு அந்த டப்பாக்களில் ஒன்றை எடுத்து வீசலாமா என்று வந்தது.

"பிரகாஷு, இந்தம்மா ஸ்கோர சொல்லு. பாஸ் மார்க் இல்லன்னா இன்னையோட முடிச்சுக்கலாம்."

பிரகாஷ் லேப்டாப்பைப் பார்த்தான். பிரின்சிபாலைப் பார்த்தான். 

"சார்... ஃபர்ஸ்ட் சார்."

"எதுல ஃபர்ஸ்ட்டு?"

"காலேஜ்லயே சார். செகண்ட் வந்தவரு பக்கத்துலயே இல்ல."

"யோவ், கேலி பண்ணதெல்லாம் எதுக்குய்யா கூட்டுன?"

"நீங்கதான் சார், போஸ்டுக்குக் கீழ எந்த பொம்ம வந்தாலும் எண்ணுன்னு சொன்னீங்க. சிரிக்கற பொம்மையும் கணக்குல வந்துடுச்சு."

"அப்ப அத கழி!"

 எனக்குப் பொறுக்கவில்லை.

"கழிக்கலாம் சார்," என்றேன். "சிரிச்சவங்கள கழிச்சா டூட்டிக்கு வந்தவங்களையும் கழிக்கணும். அவங்க படிக்காம பாராட்டுனாங்க, இவங்க படிச்சிட்டுச் சிரிச்சாங்க. அப்படிக் கழிச்சா எனக்கு பூஜ்யம். பிரகாஷுக்கு பூஜ்யம். பிரின்சிபால் சாருக்கு..."

"மனைவி லைக் ஒன்னு இருக்கும் மேடம்," என்றான் பிரகாஷ், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

பிரின்சிபால் தலையாட்டுவதை நிறுத்தினார். நான் அந்தக் கல்லூரியில் இருந்தவரை அது நின்றதை ஒரே ஒரு முறை பார்த்தது அன்றுதான்.

விதி என்னவென்றால், வருடக் கடைசியில் முதல் மார்க் எடுப்பவருக்கு ஆண்டு விழாவில் ஷீல்டும் பொன்னாடையும். விதியை எழுதிக் கையெழுத்துப் போட்டவர் கரெஸ்பாண்டென்டேதான். வருடம் முடியவும் சில நாள்தான் இருந்தது. வேலையை விட்டு அனுப்பக் கூடின கமிட்டி, ஷீல்டு கொடுக்கத் தீர்மானம் போட்டுவிட்டுக் கலைந்தது.

6. ஜூஜுவாடிக்கு அந்தப் பக்கம்

ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம் மஞ்சுளா லேபில் என்னைக் கூப்பிட்டு ஒரு மெயிலைக் காட்டினாள். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி எழுதியிருந்தார். அவர்களுக்கும் அந்த ஸ்பீடில் அதே உடைசல்தான். சரியாக வந்த ரிசல்ட்டை மட்டும் பேப்பரில் போட்டுவிட்டு, வராததை டிராயருக்குள் வைத்துவிட்டார்களாம். 'நீங்கள் எல்லாவற்றையும் எண்ணோடு வெளியே வைத்திருக்கிறீர்கள். எங்கள் டேட்டாவோடு சேர்த்துப் பார்த்தால் காரணம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் குழுவில் சேருகிறீர்களா? பிஎச்.டி. பதிவையும் இங்கே மாற்றிக்கொள்ளலாம்.'

"என்னா மேடம் பண்றது?" என்றாள்.

போகாதே என்றுதான் வாயில் வந்தது. என் துறையில் மிஞ்சியிருந்த ஒரே ஆராய்ச்சி அவளுடையது. அவள் போனால் அந்த லேபில் ஃபேன் மட்டும்தான் சுற்றும். சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தது எனக்கு. "போய்ச் சேரு மொதல்ல. அங்கயாவது ட்ரில் வாங்கிக் குடுப்பாங்க," என்றேன்.

ஷீல்டை வாங்கிக்கொண்டாள். மறுநாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். கரெஸ்பாண்டென்ட் நிஜமாகவே வருத்தப்பட்டார். "ஷீல்டு குடுத்த கைச் சூடு இன்னும் ஆறல, அதுக்குள்ள போறியேம்மா. இங்க லேப் இல்லியா?"

"லேப் இருக்குது சார்," என்றாள். லேப் சாவியை மேசையில் வைத்தாள். ஜூஜுவாடியைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டாள்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பிளாக் எழுதுங்கள், ப்ரொஃபைல் வையுங்கள், தப்பே இல்லை. உங்களுக்கு வராததை, புரியாததை எழுதுங்கள். பதில் தெரிந்தவர் எங்கோ ஒருவர் இருப்பார். அவர் உங்கள் காலேஜ் டூட்டி லிஸ்ட்டில் இருக்க மாட்டார்.

அவள் கிளம்பிப் போன அதே வாரம் கல்லூரிப் பக்கத்தில் ஒரு போஸ்ட் வந்தது. 'எங்கள் பேராசிரியை பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தேர்வு. பணிவோடு பெருமைப்படுகிறோம்.' கரெஸ்பாண்டென்ட் படம் பெரிதாக, கோட்டு போட்ட பிரின்சிபால் படம் அதைவிடச் சிறிதாக. மஞ்சுளா ஓரத்தில் ஸ்டாம்ப் சைஸில் இருந்தாள். அன்றைக்கு லைக் டூட்டி எங்கள் துறைக்கும் தமிழ்த் துறைக்கும். பிரகாஷ் கொடுத்த வாக்கியங்களை எடுத்தேன். ஒட்டக் கை வரவில்லை. ஒரு வரி நானே தட்டினேன்:

'இந்த வாரம் எங்கள் கல்லூரியின் ட்ரில் உடைந்தது.'

சாயங்காலம் திறந்து பார்த்தேன். என் வரிக்குக் கீழே வரிசையாக வந்திருந்தார்கள். 'கங்கிராஜுலேஷன்ஸ் மேடம்!' 'ப்ரவுட் மொமென்ட்!' 'தொடரட்டும் தங்கள் பணி!' எல்லாவற்றுக்கும் கடைசியில் கரெஸ்பாண்டென்ட் வந்து கை தட்டுகிற பொம்மை ஒன்று போட்டிருந்தார்.